காதோரக் கட்டி: கத்திக்கு முன் ஊசி

காதுக்குக் கீழே அல்லது தாடையோரத்தில் ஒரு கட்டி எழும்பினால், அதற்கு வைக்க நம் வீடுகளில் மூன்று பெயர்கள் ஆயத்தமாக இருக்கின்றன. சிறுவருக்கு வந்தால் பொன்னுக்கு வீங்கி. இளைஞருக்கு வந்தால் நெறிகட்டு. நடுவயதினருக்கு வந்தால் கொழுப்புக் கட்டி. முதலாவதற்குக் கழுத்தில் தங்கச் சங்கிலி, இரண்டாவதற்கு நாமக்கட்டிப் பற்று, மூன்றாவதற்கு ‘வலிக்காத வரை தொடாதே’ என்னும் அறிவுரை. பெரும்பாலான வேளைகளில் இப்பெயர்களில் ஒன்று சரியாகவே அமைந்துவிடுகிறது. அதனாலேயே நான்காவது வாய்ப்பு எவர் நினைவுக்கும் வருவதில்லை: அது உமிழ்நீர்ச் சுரப்பியிலேயே வளரும் கட்டியாக இருக்கலாம்.

இத்தகைய கட்டிகள் அரிதானவை. உலகம் முழுவதிலும் உமிழ்நீர்ச் சுரப்பிப் புற்று என்று ஆண்டுதோறும் கண்டறியப்படுவோர் 50 ஆயிரத்துக்குச் சற்று மேல். வாய்ப்புற்று என்று கண்டறியப்படுவோர் அதைப்போல ஏறத்தாழ ஏழு மடங்கு. அவ்வளவு அரிதான ஒன்றைப் பற்றி இவ்விதழில் ஏன் எழுத வேண்டும் என்று வாசகர் கேட்கலாம். இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது, இந்நோயில் காலத்தாழ்வு பெரும்பாலும் வலியின்மையாலும் வீண் அச்சத்தாலும் நேர்கிறது. இரண்டையும் ஒரு நல்ல விளக்கத்தால் போக்க முடியும். இரண்டாவது, இங்கே முதல் அடியைத் தவறாக வைத்தால் பின்னர் அதைத் திருத்துவது கடினம். கட்டி இன்னதென்று அறியாமல் அறுக்கப்பட்ட இடத்தில் மறுபடியும் அறுவை செய்வது, முதன்முறை செய்வதைக் காட்டிலும் பன்மடங்கு இடர் நிறைந்தது.

ஆகவே எங்கள் கருத்தைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறோம். உமிழ்நீர்ச் சுரப்பிக் கட்டிக்கு முதலில் கைச் சோதனை, அடுத்து ஒலியலைப் படமும் நுண்ணூசிச் சோதனையும், அதன் பின்னரே கத்தி. இந்த வரிசையை மருத்துவர் கடைப்பிடிக்க வேண்டும். நோயாளியும் அவர் குடும்பத்தினரும் கேட்டுப் பெற வேண்டும்.

சுரப்பிகள் எங்கே இருக்கின்றன?

நம் வாயில் ஒரு நாளைக்கு அரை லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரை உமிழ்நீர் சுரக்கிறது. அதைச் சுரக்கும் பெரிய சுரப்பிகள் மூன்று இணைகள். காதுக்கு முன்னும் கீழுமாகக் கன்னத்தில் பரந்திருப்பது பரோடிட் எனப்படும் கன்னச் சுரப்பி. இதுவே மிகப் பெரியது. கீழ்த்தாடை எலும்பின் அடியில் இருப்பது தாடையடிச் சுரப்பி. நாக்கின் கீழே வாயின் தரையில் இருப்பது நாவடிச் சுரப்பி. இவையன்றி உதடு, கன்னத்தின் உட்புறம், அண்ணம் ஆகிய இடங்களில் கண்ணுக்குப் புலப்படாத சிறு சுரப்பிகள் 600 முதல் 1,000 வரை சிதறிக் கிடக்கின்றன.

இவற்றைப் பற்றி ஒரு கணக்கை எல்லோரும் நினைவில் வைக்கலாம். உமிழ்நீர்ச் சுரப்பிக் கட்டிகளில் ஏறத்தாழ 80 விழுக்காடு கன்னச் சுரப்பியில் தோன்றுகின்றன. அவ்வாறு தோன்றுபவற்றில் ஏறத்தாழ 80 விழுக்காடு தீங்கற்றவை, அதாவது புற்று அல்லாதவை. தாடையடிச் சுரப்பியில் தோன்றும் கட்டிகளிலோ ஏறக்குறைய பாதி புற்றாக இருக்கக்கூடும். நாவடிச் சுரப்பியில் பெரும்பாலானவை புற்றே. சுரப்பி சிறிதாகச் சிறிதாக, அதில் எழும் கட்டியின் மீது கொள்ள வேண்டிய ஐயம் பெரிதாகிறது. ஆகவே நாக்கடியிலோ அண்ணத்திலோ உள்ள சுண்டைக்காய் அளவுக் கட்டியைச் ‘சிறிதுதானே’ என்று விட்டுவிடுவது தகாது. பல்செட் அணிபவர்கள், அது திடீரென்று பொருந்தாமல் போனால், அண்ணத்தை ஒருமுறை பல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

வலி இல்லை என்பது நற்சான்று அன்று

‘வலியே இல்லை டாக்டர், அதனால்தான் வரவில்லை’ என்பது புறநோயாளிப் பிரிவில் நாங்கள் மிகுதியாகக் கேட்கும் வாக்கியம். உடம்பு தன் துன்பத்தை வலியால் அறிவிக்கும் என்ற நம்பிக்கை நம்மிடம் ஆழமானது. உமிழ்நீர்ச் சுரப்பியைப் பொறுத்தவரை அந்த நம்பிக்கை பெரும்பாலும் தலைகீழானது. வலியும் காய்ச்சலுமாக வேகமாக வீங்குவது பொதுவாகக் கிருமித் தொற்று. பொன்னுக்கு வீங்கியில் பெரும்பாலும் இரு கன்னங்களும் காய்ச்சலோடு வீங்கி, ஒரு வாரம் பத்து நாளில் வடிந்துவிடும். சுரப்பியின் குழாயில் கல் அடைத்திருந்தால், சாப்பாட்டு வேளையில், சிலருக்கு ஊறுகாயைக் கண்ட மாத்திரத்தில், தாடையடி வீங்கி வலிக்கும். சற்று நேரத்தில் தணியும். உமிழ்நீர்க் கற்களில் ஏறத்தாழ 80 விழுக்காடு தாடையடிச் சுரப்பியில்தான் உண்டாகின்றன.

கட்டியோ எந்த ஓசையுமின்றி வளர்கிறது. தீங்கற்ற கட்டிகளில் மிகவும் பரவலான ப்ளியோமார்ஃபிக் அடினோமா ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் அளவே பெருக்கக்கூடும். முகம் மழிக்கும்போதோ, கம்மல் திருகும்போதோ, பழைய புகைப்படத்தோடு ஒப்பிடும்போதோதான் தெரியவரும். இதையும் வாழ்நாள் முழுவதும் விட்டுவைக்க இயலாது. பாடநூல்கள் தரும் கணக்குப்படி, இக்கட்டி புற்றாக மாறும் வாய்ப்பு முதல் ஐந்து ஆண்டுகளில் நூற்றுக்கு ஒன்றிரண்டு. பதினைந்து ஆண்டுகளுக்குப் பின்னர் அது நூற்றுக்குப் பத்தை நெருங்குகிறது. ‘இருபது வருடமாக இருக்கிறது, ஒன்றும் செய்யவில்லை’ என்று சொல்லப்படும் கட்டி திடீரென்று வேகமாக வளரத் தொடங்கினால், அன்றே மருத்துவரைக் காண வேண்டும்.

கீழ்க்காணும் குறிகள் ஏதேனும் இருந்தால் காத்திருத்தல் கூடாது:

கட்டி மூன்று வாரங்களுக்கு மேல் வடியாமல் நிற்பது. கல்போல் இறுகி, விரலால் தள்ளினால் நகராமல் இருப்பது. மேலே உள்ள தோல் ஒட்டிக்கொள்வது அல்லது புண்ணாவது. கழுத்தில் வேறு நெறிகள் தோன்றுவது. கன்னமோ நாக்கோ மரத்துப்போவது. வாயைத் திறக்க முடியாமல் போவது. எல்லாவற்றையும் விட முக்கியமாக, முகத்தின் ஒரு பக்கம் தளர்வது.

கடைசிக் குறியைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். முகத்தை அசைக்கும் நரம்பு கன்னச் சுரப்பியின் ஊடாகவே சென்று ஐந்து கிளைகளாகப் பிரிகிறது. கண்ணை மூடுவதும், சிரிப்பதும், உதடு குவித்து ஊதுவதும் அக்கிளைகளின் வேலை. தீங்கற்ற கட்டி, எவ்வளவு பெரிதானாலும், இந்நரம்பைத் தள்ளுமே தவிர, முடக்குவது மிக அரிது. எனவே கன்னக் கட்டியோடு வாய் கோணினால் அது புற்றின் அறிகுறி என்றே நாங்கள் கருதித் தொடங்குகிறோம். நம் பகுதியில் இரவுப் பணி முடிந்து நிறுவனப் பேருந்தின் சன்னலோரம் உறங்கி வருபவருக்கு வாய் கோணினால், ‘குளிர்காற்று பட்டுவிட்டது’ என்று சொல்லி விடுகிறார்கள். முகவாதம் எனப்படும் பொதுவான நோய் ஓரிரு நாளில் முழுமையாகத் தோன்றி, வாரங்களில் தேறத் தொடங்கும். வாரக்கணக்கில் சிறிது சிறிதாகக் கூடிவரும் கோணல் அவ்வகையன்று. அப்போது கன்னச் சுரப்பியைத் தொட்டுப் பார்க்காமல் மாத்திரை மட்டும் வாங்கிச் செல்லுதல் ஆகாது.

ஊசி குத்தினால் பரவுமா?

கட்டி என்று தெரிந்த பிறகு வரும் முதல் தடை ஊசியைப் பற்றிய அச்சம். எஃப்.என்.ஏ.சி. என்று சீட்டில் எழுதிக் கொடுத்தால், அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வீடு திரும்புவோர் பலர். ‘ஊசி பட்டால் கட்டி உடைந்து உடம்பெல்லாம் பரவிவிடும்’ என்று அண்டை வீட்டார் சொல்லியிருப்பார்கள். மருத்துவமனைக்கு உடன் வந்த உறவினரே சொல்லியிருப்பார்.

இந்த அச்சத்தை நாங்கள் எள்ளி நகையாடவில்லை. அதற்கு ஒரு வேர் உண்டு. நோய் முற்றிய பின் சோதனைக்கு வந்தவர் சில மாதங்களில் இறந்திருப்பார். பார்த்தவர்கள் முன்னது பின்னதற்குக் காரணம் என்று எண்ணியிருப்பார்கள். உண்மை வேறு. இச்சோதனைக்குப் பயன்படும் ஊசி, இரத்தம் எடுக்கப் பொதுவாகப் பயன்படுவதை விடவும் மெல்லியது. அவ்வூசியின் தடத்தில் கட்டி விதைக்கப்படுவது மருத்துவ இலக்கியத்தில் தனித்துப் பதிவு செய்யப்படும் அளவுக்கு மிக மிக அரிது. அதை அஞ்சிச் சோதனையைத் தவிர்ப்பது, பேருந்து கவிழும் என்று அஞ்சி ஊருக்கே செல்லாமல் இருப்பது போன்றது.

சோதனை சில நிமிடங்களில் முடிகிறது. பெரும்பாலும் மரத்துப்போகும் ஊசிகூடத் தேவைப்படுவதில்லை. உறிஞ்சிய செல்களைக் கண்ணாடிச் சில்லில் பரப்பி, சாயமேற்றி, நோய்க்குறியியல் மருத்துவர் நுண்ணோக்கியில் பார்ப்பார். அன்றே வீடு திரும்பலாம். மறுநாள் வேலைக்கும் செல்லலாம். இரத்தம் உறையாமல் இருக்க மருந்து உட்கொள்பவர்கள் மட்டும் அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

அறிக்கையை எப்படிப் படிப்பது?

2018ஆம் ஆண்டு, உமிழ்நீர்ச் சுரப்பியின் நுண்ணூசி அறிக்கைகளுக்கென மிலன் முறை என்னும் பன்னாட்டு ஒழுங்கு வெளியிடப்பட்டது. முன்பு ஒவ்வொருவரும் தத்தம் சொற்களில் எழுதிய அறிக்கைகள் இப்போது ஆறு வகைகளுக்குள் வருகின்றன. மாதிரி போதவில்லை, கட்டியன்று, அழற்சி அல்லது தொற்று, உறுதி சொல்ல இயலாத மாற்றம், கட்டி, அதாவது தீங்கற்றது அல்லது தன்மை தெளியாதது, புற்று என ஐயம், புற்று.

இவற்றுள் குடும்பத்தினர் பெரிதும் தவறாகப் புரிந்துகொள்வது முதல் வகையை. ‘மாதிரி போதவில்லை’ என்று வந்தால் ‘ஒன்றும் இல்லையாம்’ என்று மகிழ்ந்து போய்விடுகிறார்கள். அதன் பொருள் அதுவன்று. ஊசியில் போதிய செல்கள் வரவில்லை, கேள்விக்கு இன்னும் விடை கிடைக்கவில்லை என்பதே பொருள். நீர் மட்டும் வந்து செல்கள் வராத கட்டிகளும் இவ்வகையே. அப்போது ஒலியலைப் படத்தின் துணையோடு ஊசியைச் சரியான இடத்தில் செலுத்தி மறுபடி எடுக்க வேண்டும்.

‘தீங்கற்ற கட்டி’ என்று வந்தால், பின்னர் அது புற்றாக இருந்துவிடும் வாய்ப்பு நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவு. ‘புற்று’ என்று வந்தால் அது உண்மையாகவே புற்றாக இருக்கும் வாய்ப்பு நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல். எனினும் இச்சோதனை குறையற்றதன்று. பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தால், புற்று உள்ளவர்களில் ஏறத்தாழ ஐவரில் நால்வரையே அது சரியாகச் சுட்டுகிறது. ஆகவே ஊசி ஒன்று சொல்ல, மருத்துவரின் கை வேறொன்று சொன்னால், இரண்டும் ஒத்துவரும் வரை சோதனையைத் தொடர வேண்டும். இறுகி ஒட்டிய கட்டியைத் தீங்கற்றது என்று அறிக்கை வந்ததாலேயே மறந்துவிட முடியாது.

‘எப்படியும் எடுக்கத்தானே போகிறீர்கள்?’

இங்கே ஒரு நேர்மையான எதிர்வாதத்தைக் கருத வேண்டும். கட்டியை எப்படியும் அறுவையில் எடுக்கத்தான் வேண்டும், எடுத்த பிறகு முழுவதையும் சோதிக்கலாம், நடுவில் ஊசி எதற்கு என்று சில நோயாளிகள் கேட்கிறார்கள். மருத்துவ உலகிலும் இக்கருத்துக்கு இடமிருந்தது. நாங்கள் இதற்கு உடன்படாததற்கு மூன்று காரணங்கள் உண்டு.

முதலாவது, எல்லாவற்றையும் எடுக்க வேண்டியதில்லை. காதோரக் கட்டி காசநோய் நெறியாக இருக்கலாம். நம் நாட்டில் அதை எப்போதும் நினைவில் வைக்க வேண்டும். அதற்கு மருந்து போதும். அது லிம்போமா எனப்படும் நிணநீர்ப் புற்றாக இருந்தால், கன்னச் சுரப்பியை அறுத்தெடுப்பது மருத்துவமே அன்று. உடல்நலம் குன்றிய முதியவரின் வார்த்தின் கட்டியைச் சில வேளைகளில் கண்காணித்து வந்தாலே போதும்.

இரண்டாவது, அறுவையின் அளவு நோயைப் பொறுத்தது. தீங்கற்றது என்றால் நரம்பைக் காத்து, கட்டியைச் சுற்றியுள்ள நல்ல சுரப்பியோடு சேர்த்து எடுக்கிறோம். புற்று என்றால் சுரப்பி முழுவதையும், கழுத்து நெறிகளையும் எடுக்க நேரலாம். பின்னர்க் கதிர்வீச்சும் தேவைப்படலாம்.

மூன்றாவது, நோயாளி அறிந்து ஒப்புக்கொள்வதற்கு அது இன்றியமையாதது. முக நரம்புக்கு என்ன நேரலாம் என்பதை மயக்க மருந்துக்கு முன்பு பேச வேண்டும். கண் விழித்துப் பார்க்கும்போது முகம் ஒரு பக்கம் தளர்ந்திருப்பதை முதன்முறையாகக் கண்ணாடியில் அறிவது எவருக்கும் நேரக்கூடாத ஒன்று.

இதே காரணத்தால் மற்றொன்றையும் வற்புறுத்துகிறோம். ‘சின்னக் கட்டிதான், மரத்துப்போக ஊசி போட்டுத் தோண்டி எடுத்துவிடலாம்’ என்று யாரேனும் சொன்னால், கன்னச் சுரப்பியைப் பொறுத்தவரை அதற்கு இசைய வேண்டாம். ப்ளியோமார்ஃபிக் அடினோமா பார்வைக்கு உறை போர்த்தியது போலிருந்தாலும், அவ்வுறை முழுமையானதன்று. விரல் போன்ற நீட்சிகள் வெளியே நிற்கும். கட்டியை மட்டும் தோண்டியெடுத்த பழைய காலத்தில் ஐவரில் ஒருவர்க்கோ அதற்கும் கூடுதலானவர்க்கோ அது திரும்பி வந்தது. திரும்பி வருவதும் ஒற்றைக் கட்டியாக அன்று, சிதறிய மணிகளாக. வடுவுக்குள் புதைந்த முக நரம்பைத் தேடிக்கொண்டு அவற்றை ஒவ்வொன்றாக எடுப்பது அறுவை மருத்துவர்க்கும் நோயாளிக்கும் பெருந்துன்பம். சுற்றியுள்ள சுரப்பியோடு முறையாக எடுத்தால் மீண்டும் வருவது நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவே. கட்டியைக் கீறிச் சிறு துண்டு எடுத்துச் சோதிப்பதும் கன்னச் சுரப்பியில் பொதுவாகத் தவிர்க்கத்தக்கது. ஊசிச் சோதனையை வேண்டாம் என்பவர் எண்ணுவது போல் ஊசி கட்டியைப் பரப்புவதில்லை; முறையற்ற கத்தி பரப்பக்கூடும்.

எந்தப் படம், எவருக்கு?

ஒலியலைப் படம் எனும் ஸ்கேன் செலவு குறைந்தது, கதிர்வீச்சு அற்றது. கட்டி சுரப்பிக்குள் இருக்கிறதா, பக்கத்து நெறியா, கல் அடைப்பா என்பதை அது பெரும்பாலும் சொல்லிவிடும். தொடக்கத்திற்கு அது போதும். சிறிய, மேலோட்டமான, எளிதில் நகரும், ஊசியில் தீங்கற்றது என்று வந்த கட்டிக்கு அதற்கு மேல் ஒரு படமும் தேவையில்லாமல் போகலாம். எல்லோருக்கும் எல்லாப் படங்களும் எடுப்பது நல்ல மருத்துவம் அன்று. ‘பெரிய ஸ்கேனே எடுத்துவிடுங்கள்’ என்று குடும்பத்தினர் வற்புறுத்துவதும் வேண்டாம்.

கட்டி ஆழத்தில் இருந்தாலோ, ஐயம் எழுந்தாலோ, முக நரம்பு தளர்ந்திருந்தாலோ எம்.ஆர்.ஐ. அவசியம். சில உமிழ்நீர்ப் புற்றுகள், குறிப்பாக அடினாய்ட் சிஸ்டிக் வகை, நரம்பைப் பற்றிக்கொண்டு மண்டையோட்டின் அடிப்பகுதி வரை ஊர்ந்து செல்லும் இயல்புடையவை. அந்த வழித்தடத்தை எம்.ஆர்.ஐ. மட்டுமே நன்கு காட்டும். எலும்பு அரிக்கப்பட்டதா என்று பார்க்கவும், நுரையீரலைப் பார்க்கவும் சி.டி. உதவும்.

ஒரகடம், இருங்காட்டுக்கோட்டை, சுங்குவார்சத்திரம் எனத் தொழிற்சாலைகள் சூழ்ந்த இப்பகுதியில் இதனோடு ஓர் எச்சரிக்கையையும் சேர்க்கிறோம். கிரைண்டிங், வெல்டிங், லேத் வேலை செய்பவர்கள், என்றேனும் கண்ணில் இரும்புத் துகள் பாய்ந்திருந்தால், எம்.ஆர்.ஐ. அறைக்குள் செல்லும் முன் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். எடுத்துவிட்டார்கள் என்று நினைத்திருந்தாலும் சொல்ல வேண்டும். கண்ணுக்குள் தங்கிய இரும்பை அந்தக் காந்தம் அசைத்துப் பார்வையைப் பறிக்கக்கூடும். முன்னதாக ஓர் எளிய எக்ஸ்ரே எடுத்து ஐயத்தைத் தீர்த்துக்கொள்ளலாம். இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியவர்களும் இவ்வாறே முன்னரே சொல்ல வேண்டும்.

‘நான் புகையிலையே தொடுவதில்லையே’

தமிழ்நாட்டில் புகையிலைக்கு எதிரான பரப்புரை நெடுங்காலமாக நடந்து வருகிறது. 2013இல் குட்காவும் தடை செய்யப்பட்டது. வாய்ப்புற்றைத் தடுக்க இதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் அதன் நிழலில் ஒரு தவறான ஆறுதலும் வளர்ந்திருக்கிறது: புகையிலை போடாதவர்க்குக் கட்டி வந்தால் அது புற்றாக இருக்காது என்பது. உமிழ்நீர்ச் சுரப்பிப் புற்று அந்தக் கணக்கில் அடங்குவதில்லை. புகைப்பழக்கத்தோடு நெருங்கிய தொடர்புடையது தீங்கற்ற வார்த்தின் கட்டியே. புற்றுக்கு உறுதியாக அறியப்பட்ட காரணங்களில் ஒன்று கதிர்வீச்சு. 1945இல் அணுகுண்டு வீசப்பட்ட ஹிரோஷிமா, நாகசாகி நகரங்களில் பிழைத்தவர்களிடம் இக்கட்டிகள் கூடுதலாகக் காணப்பட்டன. நம்மிடம் வரும் நோயாளிகளில் பெரும்பாலானவர்க்கு விரல் நீட்டிக் காட்டத்தக்க காரணம் எதுவும் இருப்பதில்லை. ‘நான் என்ன தவறு செய்தேன்’ என்று வருந்த வேண்டியதில்லை. ‘நான் ஒரு தவறும் செய்யவில்லையே’ என்று சோதனையைத் தள்ளிப்போடவும் வேண்டியதில்லை.

விடுப்பும் நோயும்

இப்பகுதியில் காலத்தாழ்வுக்கு அறியாமை மட்டும் காரணமன்று. மூன்று ஷிப்டுகளில் உழைப்பவருக்கு ஒரு நாள் விடுப்பு என்பது ஒரு நாள் சம்பளம் மட்டுமன்று. பல இடங்களில் அந்த மாதத்தின் வருகைப் போனஸும் சேர்ந்து போகிறது. ஒப்பந்தத் தொழிலாளருக்கு அடுத்த மாதம் வேலை இருக்குமா என்ற கவலை வேறு. வாடகை அறையில் நால்வராகத் தங்கியிருக்கும் வெளியூர் இளைஞருக்கு, ‘ஊருக்குப் போகும்போது பார்த்துக்கொள்ளலாம்’ என்று தோன்றுவது இயல்பு. அந்தப் பொங்கலும் போய் அடுத்த பொங்கலும் வந்துவிடுகிறது.

நிறுவனங்களின் மனிதவளப் பிரிவினர்க்கும் இவ்விதழ் சென்று சேர்கிறது என்ற நம்பிக்கையில் எழுதுகிறோம். இந்த நோயைக் கண்டறியப் பொதுவாக இரண்டு வருகைகள் போதும்: ஒன்று கைச் சோதனைக்கும் ஒலியலைப் படத்துக்கும் ஊசிக்கும், மற்றொன்று அறிக்கையைப் பெற்றுப் பேசுவதற்கு. மருத்துவரின் சீட்டோடு வரும் தொழிலாளிக்கு இவ்விரு அரைநாள்களைப் போனஸ் இழப்பின்றி அளிப்பது எந்த ஆலைக்கும் சுமையாகாது. தொழிற்சாலை மருந்தகத்தின் செவிலியர் ஆண்டுச் சோதனையின்போது இரத்த அழுத்தத்தோடு கழுத்தையும் தாடையோரத்தையும் ஒருமுறை தடவிப் பார்த்தால் அதற்குச் செலவே இல்லை.

தொழிலாளர்களும் தம் உரிமையை அறிய வேண்டும். இ.எஸ்.ஐ. காப்பீடு உள்ளவர், தகுதி விதிகளுக்கு உட்பட்டு, நோய்க்காலத்தில் ஆண்டுக்கு 91 நாள் வரை ஊதியத்தில் 70 விழுக்காடு பெறலாம். புற்று போன்ற நெடுநாள் நோய்களுக்கு நீட்டிக்கப்பட்ட உதவித்தொகை 80 விழுக்காடு. அது இரண்டு ஆண்டு வரை கிடைக்கக்கூடும். இ.எஸ்.ஐ. இல்லாத குடும்பங்கள் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் தமக்கு இடமுண்டா என்று எங்கள் உதவி மையத்தில் விசாரிக்கலாம். புற்று என்று உறுதியானால், நமக்கு அருகிலேயே காஞ்சிபுரம் காரப்பேட்டையில் அரசு அறிஞர் அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. சென்னையில், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. இரண்டாம் கருத்துக் கேட்பதால் எந்த மருத்துவரும் புண்படக் கூடாது, நாங்கள் புண்படுவதில்லை.

எடுத்த கட்டியின் இறுதி அறிக்கை

அறுவை முடிந்ததும் கண்டறிதல் முடிந்துவிட்டதாக எண்ண வேண்டாம். உமிழ்நீர்ச் சுரப்பியில் தோன்றும் புற்றில் மட்டும் இருபதுக்கும் மேற்பட்ட வகைகள் உலக நல நிறுவனத்தின் பட்டியலில் உள்ளன. உடலின் மிகச் சில உறுப்புகளிலேயே இத்தனை வகைகள் உண்டு. இவற்றைப் பிரித்தறிவது நோய்க்குறியியல் துறையின் கடினமான பணிகளுள் ஒன்று. 2010இல்தான் தனி வகையாக விவரிக்கப்பட்ட ஒரு புற்றுக்கு, அதன் மரபணு மாற்றத்தைக் குறிவைக்கும் மாத்திரை இன்று இருக்கிறது. சரியான பெயர் தெரிந்தால்தான் சரியான மருந்து தெரியும்.

ஆகவே இறுதி அறிக்கையை வாங்காமல் தையல் பிரித்ததோடு மறைந்துவிடாதீர்கள். அறிக்கையோடு, கண்ணாடிச் சில்லுகளும் கட்டியின் மெழுகுப் பாளங்களும் எங்கே இருக்கின்றன என்று கேட்டு வையுங்கள். வேறு மருத்துவமனைக்குச் சென்றால் அங்குள்ளவர்கள் முதலில் கேட்பது அவற்றைத்தான். அடினாய்ட் சிஸ்டிக் போன்ற வகைகள் பத்து ஆண்டுகளுக்குப் பின்னும் நுரையீரலில் தலைகாட்டக்கூடும். நலமாக இருக்கும்போதும் மறுசோதனைக்கு வர வேண்டும் என்று நாங்கள் சொல்வது இதனால்தான்.

மருத்துவரிடம் கேட்க வேண்டியவை

இவ்விதழை வெட்டி வைத்துக்கொள்ளும் வாசகர்களுக்காக, கையில் எடுத்துச் செல்லத்தக்க கேள்விகளைத் தொகுத்துத் தருகிறோம்.

1. இந்தக் கட்டி சுரப்பியில் இருக்கிறதா, நெறியிலா?
2. வாய்க்குள்ளும் விரல் வைத்துப் பார்த்தீர்களா? முக நரம்பைச் சோதித்தீர்களா?
3. ஊசிச் சோதனை செய்தாயிற்றா? அறிக்கை ஆறு வகைகளில் எது? மாதிரி போதுமானதா?
4. எம்.ஆர்.ஐ. எனக்குத் தேவையா? தேவையென்றால் எதற்காக?
5. கட்டியை மட்டும் எடுக்கப் போகிறீர்களா, சுற்றியுள்ள சுரப்பியோடு சேர்த்தா?
6. முக நரம்புக்கு என்ன நேரலாம்? தற்காலிகத் தளர்ச்சி வந்தால் எத்தனை நாளில் தேறும்?
7. இறுதி அறிக்கை எப்போது வரும்? அதை எனக்கு விளக்குபவர் யார்?

இக்கேள்விகளைக் கேட்டால் மருத்துவர் சினம் கொள்வார் என்று அஞ்ச வேண்டாம். விடை சொல்ல எங்களுக்குப் பத்து நிமிடம் ஆகும். புறநோயாளிப் பிரிவில் கூட்டம் மிகுந்த நாளாக இருந்தால், மறுநாள் நேரம் குறித்துத் தரச் சொல்லிக் கேளுங்கள். உங்கள் காதோரத்திலோ தாடையடியிலோ மூன்று வாரமாக ஒரு கட்டி இருக்குமானால், வலிக்கும் வரை காத்திராமல், அடுத்த வார விடுமுறை நாளிலேயே காது மூக்கு தொண்டைப் பிரிவுக்கு வாருங்கள். பத்தில் எட்டுப் பேரைப் போல, அது புற்றன்று என்ற செய்தியோடு திரும்பிச் செல்லவே வாய்ப்பு மிகுதி. எஞ்சிய இருவருக்கோ, சீக்கிரம் வந்ததே மருத்துவத்தின் முதற்பாதி.